உன் அப்பீலை மூடிவிட்டார்களாம்

அக்கா,

இன்று மதியம் பிரேக் ரூம் மைக்ரோவேவின் மேல் ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தது. "கடுமையான வாசனை வரும் உணவுகளை இங்கே சூடு செய்ய வேண்டாம். ஒருவரையொருவர் மதிப்போம்." பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் முகம் வேறு. கையில் மீன்குழம்பு டப்பாவோடு நின்று அதைப் படித்தேன். எனக்கு முன்னால் யாரோ பாப்கார்னைக் கருக்கிவிட்டுப் போயிருந்தார்கள், அந்தத் தீய்ந்த நாற்றம் அறை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குத் தாள் கிடையாது. பாப்கார்ன் கருகினால் அது சும்மா புகை. மீனும் புளியும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு மூக்கு வேலை செய்யும்.

நீ இருந்திருந்தால் நாளைக்கே வினிகரும் பூண்டும் போட்டு வேகவைத்த அந்தக் கோழியைக் கொண்டுவந்து சூடு பண்ணியிருப்பாய். அதோடு விட்டிருக்கவும் மாட்டாய். இந்த விதியை யார் போட்டது, எந்தக் கூட்டத்தில் போட்டது, எதிர்த்து எழுத வேண்டுமானால் எங்கே எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டு அவர் தலையைத் தின்றிருப்பாய். நான் என் குழம்பைக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணினேன். மூடியைக்கூட மூடவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தத் தாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளுக்கா இவ்வளவு கோபம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தாளின் மேல் இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பரவாயில்லை. ஆங்கிலத்தில் நான் சம்பாதிக்கிறேன், சண்டை போட எனக்குத் தமிழ்தான் தோது. ஆங்கிலத்தில் உன்னை 'யூ' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன், தமிழில் எப்படி அழைப்பது என்று இப்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மூத்தவளை உங்கள் பிலிப்பைன்ஸில் ஆத்தே என்பார்கள், அப்படியே கூப்பிடு என்றாய். எங்கள் திண்டுக்கல் பக்கம் ஆத்தே என்றால் ஆச்சரியத்தில் வாயைப் பிளக்கிறார்கள் என்று அர்த்தம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றிலிருந்து அக்கா. சொந்த அக்காவை நாங்கள் நீ என்றுதான் பேசுவோம், நீயும் நீதான். நீ சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னதுதான் என்றாலும் என் தலைக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

டெக்சாஸ் வந்து, ரிச்சர்ட்சனில் அந்த ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் உனக்கு நினைவிருக்கும். நம் பிரிவுக்கு டினையல்ஸ் என்று பெயர். டாக்டர் எழுதித் தந்த சிகிச்சையை இன்சூரன்ஸ் கம்பெனி தேவையில்லை என்று மறுத்தால், அதை எதிர்த்து நோயாளி சார்பில் அப்பீல் எழுதுவது நம் வேலை. நான் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்தவள், நீ மணிலாவில் அப்பீல் வழக்குகளையே நடத்திய வக்கீல். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நாற்காலி.

என் முதல் அப்பீலை வாங்கிப் படித்துவிட்டு நீ சிவப்புப் பேனாவை எடுத்தாய். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் என்னுடையது. தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், தயவுகூர்ந்து பரிசீலிக்கவும், தங்கள் கருணையை எதிர்பார்த்து, எல்லாம் இருந்தது. அத்தனையையும் வரிசையாக அடித்துத் தள்ளினாய்.

"யார் கால்ல விழற? அவங்க என்ன ராஜாவா?" என்றாய். "தப்பு பண்ணது அவங்க. நீ எதுக்குக் குனியற?"

"மரியாதைக்குத்தான் எழுதினேன்."

"மரியாதை ஹலோ சொல்றப்ப குடு. இதுல வேண்டாம்."

அடித்தது போக மிச்சம் இரண்டு பத்திதான் இருந்தது. நோயாளியான அந்த அம்மாளுக்கு முதுகெலும்பு ஊசி அந்த இரண்டு பத்தியில்தான் கிடைத்தது. எனக்கு ரோஷமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு நாம் ஒரே காரில் போய்வர ஆரம்பித்தோம். நீயும் ஆலன் ஊரில்தான் இருந்தாய், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் குயாவும் சாப்பிட வந்திருந்தீர்கள். குயா என்றால் அண்ணன் என்று நீதான் சொன்னாய், உன் கணவரை நான் வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை. சாப்பாட்டின் நடுவே என் வீட்டுக்காரர் செந்தில், பள்ளிக்கூடம் இருக்கிற ரோட்டில் வேகமாகப் போனதாகத் தனக்கு டிக்கெட் கொடுத்துவிட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார்.

"ஸ்கூல் அன்னைக்கு லீவு. ஸ்கூல் நேரத்து மஞ்ச லைட்டுகூட எரியல" என்றார்.

நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டாய். "கோர்ட்டு தேதி என்னைக்கு?"

"அதெல்லாம் இல்லீங்க. ஆன்லைன்ல பே பண்ணிட்டேன்."

"தப்பே பண்ணாம ஏன் கட்டினீங்க?"

"கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. கோர்ட்டு, கேஸுன்னு போனா ரெகார்டுல ஏறிடும்."

"கட்டினாத்தானே ஏறும்? ஆமா நான்தான் பண்ணேன்னு கையெழுத்து போட்ட மாதிரி ஆச்சே."

செந்தில் ரசத்தைக் கலக்கினார். "நம்ம ஆளுங்க எல்லாரும் கட்டிடறதுதான்" என்று முனகினார். அது உண்மை. கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிற நம் ஆட்கள், அஞ்சல்காரர் இரண்டு நிமிடம் கூடுதலாக வாசலில் நின்றாலே திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தப்பாக வந்த டிக்கெட், தப்பாக வந்த பில், தப்பாகப் பிடித்த வரி, எதையும் எதிர்க்க மாட்டோம். எதிர்த்தால் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் நம் பேருக்கு எதிரே கறுப்புப் புள்ளி விழும் என்று ஒரு நம்பிக்கை. அதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் நீ என்னைக் கேட்டாய், அப்பீலுக்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள் என்று. மேல்முறையீடு என்றேன். மேலே இருக்கிறவரிடம் போய் நம் குறையை எடுத்துச் சொல்வது என்று விளக்கினேன். செந்திலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாய்.

"எங்க ஊர்ல பேச்சுல அப்பேலான்னு சொல்வாங்க. அது ஸ்பானிஷ்காரன் விட்டுட்டுப் போனது. எங்க சொந்த வார்த்தை பக்ஹஹபோல். ஹபோல்னா பின்னாடி ஓடிப் பிடிக்கிறது."

பிறகு எழுந்து நின்று ஆடியே காட்டினாய். கிளம்பிவிட்ட ஜீப்னியின், அதாவது உங்கள் ஊர் மினி பஸ்ஸின், பின்னால் ஓடுகிறவன் செய்வது ஹபோல். சாப்பாட்டை மறந்துவிட்டுப் போன பிள்ளையின் பின்னால் டப்பாவோடு தெருமுனை வரைக்கும் ஓடுகிற அம்மா செய்வதும் அதுவே. சொத்தில் பங்கு தராமல் ஏமாற்றிய அண்ணனை விடாமல் கேட்கிற தங்கைக்கும், கைவிட்டுப் போனவனை விடாத பெண்ணுக்கும்கூட அதே வார்த்தையைச் சொல்வார்களாம். கோர்ட்டுக்கும் அதையேதான் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"தீர்ப்பைச் சொல்லிட்டு அவங்க எழுந்து போயிட்டிருப்பாங்க. போக விடக்கூடாது. ஓடிப்போய் சட்டையைப் பிடிச்சு நிறுத்தணும். அதுக்கும் ஒரு கெடு இருக்கு, வண்டி முனை திரும்பிட்டா போச்சு" என்றாய். குயா உன்னை உட்காரச் சொன்னார். நீ உட்காரவில்லை. செந்தில் இனிமேல் வண்டியே ஓட்டமாட்டேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அந்த வார்த்தையை நீ சிரிக்காமல் சொன்னது ஒரே ஒரு முறை. செவன்ட்டி ஃபைவ் ஃப்ரீவேயில் விபத்து, வண்டிகள் நகரவில்லை. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணிலாவில் உன்னுடைய கடைசிக் கட்சிக்காரரைப் பற்றிச் சொன்னாய். ஒரு லாரி டிரைவர். கொலைக் குற்றம் என்று கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. அவன் அந்த இடத்திலேயே இல்லை என்று சாட்சி சொல்ல ஆள் இருந்தது, நீ அப்பீல் போட்டாய். வருஷக்கணக்கில் அது நின்றது. அவன் ஜெயிலில் இருமி இருமிச் செத்துப்போனான். உங்கள் சட்டப்படி அப்பீல் நிலுவையில் இருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவன் இறந்தால் வழக்கும் அதோடு முடிந்தது. தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. கோர்ட் ஒரு வரியில் மூடிவிட்டது.

"அவங்கம்மா வாரா வாரம் ஆபீசுக்கு வந்துச்சு" என்றாய். "அவன் பண்ணான்னு சொன்னாங்களா, பண்ணலைன்னு சொன்னாங்களான்னு கேட்கும். ரெண்டும் சொல்லலம்மான்னு நான் சொல்லுவேன். அப்ப நான் இனி யார் பின்னாடி ஓடறதுன்னு கேட்டுச்சு."

முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தும் நீ நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாய். அதற்குப் பிறகு வக்கீல் வேலை பிடிக்கவில்லை, குயாவுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்ததும் கிளம்பி வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாய்.

இனி எழுதப்போவதுதான் என் வயிற்றெரிச்சல்.

உனக்கு வயிற்றுவலி வந்தது. டாக்டர், புற்று இருக்கிறதா என்று பார்க்கிற பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நம் இன்சூரன்ஸ் பிளான் மறுத்தது. நம் பிளான் என்றால் நாம் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் பிளான். கார்டில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும், ஆனால் ஊழியர்களின் வைத்தியத்துக்குப் பணம் போடுவது ஆஸ்பத்திரியே. ஊரில் உள்ள நோயாளிகளுக்கெல்லாம் ஸ்கேன் வேண்டும் என்று நம்மை உட்கார வைத்து எழுதச் சொன்னவர்கள், அந்தக் கையால் சம்பளம் தந்துவிட்டு இந்தக் கையால் உனக்கு ஸ்கேன் தேவையில்லை என்றார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ உன் அப்பீலை நீயே எழுதினாய். வழக்கம்போல இரண்டு பத்தி. நான் உன் நாற்காலியருகே வந்து குசுகுசுத்தேன்.

"அக்கா, அப்பீலைப் பார்க்கிற கமிட்டியில ஒரு டாக்டர் இருக்கார். எங்க கோயில்லதான் பார்ப்பேன். ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கே ஆயிடும்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? உடம்பு உன்னோடது."

"எனக்கு உன்னைத் தெரியும், உனக்கு அவரைத் தெரியும். யாரையும் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? நான் எல்லாரும் போற வழியிலயே போறேன்."

இதற்காக உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் ஊரில் ஆதார் கார்டு வாங்கவே ஆள் பிடிப்போம். கொள்கை பேசுகிற நேரமா அது? அன்றைக்கே உன்னைக் கேட்காமல் அவரிடம் போய் நின்றிருப்பேன். நீ என் கையைப் பிடித்து, செய்ய மாட்டேன் என்று சொல்ல வைத்துவிட்டாய். வழியில் போனாயே, அந்த வழி என்ன செய்தது? பரிசீலனையில் இருக்கிறது என்றது. கூடுதல் விவரம் வேண்டும் என்றது. வேறு டாக்டர் பார்க்க வேண்டும் என்றது. நீ இளைத்துக்கொண்டே வந்தாய். பதில் வருமுன் ஒரு நாள் வலி தாங்காமல் எமர்ஜென்சிக்குப் போனாய், அங்கே வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

ஸ்கேன் முதலிலேயே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று உன் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார், எடுத்திருந்தால்தானே தெரிந்திருக்கும் என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

ஃபியூனரல் ஹோமில் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, உன் ஊர்க்காரர்கள் எல்லோரும் பக்கத்து டோனட் கடைக்குக் கிளம்பினார்கள். இறந்தவரைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகக் கூடாது, போனவர் கூடவே வந்துவிடுவார், நடுவில் எங்கேயாவது இறங்கி உதறிவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு பெண் எனக்கு விளக்கினாள். செந்தில் முகத்தைச் சுளித்தார்.

"குளிக்காம எப்படி சாப்பிடறது? வா, நேரா வீட்டுக்குப் போலாம்."

நானும் டோனட் கடைக்குப் போகவில்லை. குளிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. எனக்கு உன்னை உதற வேண்டாம். வந்தால் வா என்று வண்டியை எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினேன். செந்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிக்க ஓடினார். நான் கராஜில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, உன்னைப் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்தேன்.

உன் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் குயா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, பிளானிலிருந்து தன் போனுக்கு வந்திருந்த செய்தியைக் காட்டினார். உறுப்பினர் காலமாகிவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை, அப்பீல் மூடப்படுகிறது. அவ்வளவுதான். மறுத்தது சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. எனக்கு முகம் எரிந்தது. ஆறு மாதம் இழுத்தடித்து உன்னைப் பிணமாக்கிவிட்டு, பிணமாகிவிட்டாள் அதனால் முடிந்தது என்கிறார்கள்.

விடமாட்டேன் என்று வீட்டில் சொன்னேன்.

"அவங்களே போயிட்டாங்க" என்றார் செந்தில். "இனி அப்பீல் பண்ணி யாருக்கு ஸ்கேன் எடுக்கப் போற?"

"ஸ்கேன் யாருக்கு வேணும்? பண்ணது தப்புன்னு சொல்லட்டும்."

"வேலை பார்க்கிற இடத்தையே எதிர்க்கறதா? நமக்கு எதுக்கு வம்பு? கிரீன் கார்டு வேற..."

"உங்க கிரீன் கார்டுக்கும் அவ வயித்துக்கும் என்னங்க சம்பந்தம்? எதைச் சொன்னாலும் கிரீன் கார்டு. இருமினா கிரீன் கார்டு, தும்மினா கிரீன் கார்டு. அந்த அட்டை வர்றதுக்குள்ள நமக்கு முதுகெலும்பே இருக்காது."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். கோயிலில் எதிர்வீட்டு ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனவங்களை நிம்மதியா விட்டுடும்மா" என்றார். "அவ நிம்மதியா போகலை ஆன்ட்டி" என்றேன். மேனேஜர் என்னைத் தனியாக அழைத்து, துக்கத்துக்குக் கவுன்சலிங் தருகிற ஒரு நம்பரைக் கொடுத்தார். எனக்குத் துக்கமில்லை, கோபம் என்றேன். அதற்கு அவரிடம் நம்பர் இல்லை.

கடைசியில், அதை மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்க, கணவர் என்ற முறையில் குயாதான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிற மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவள் களைத்துப் போய்விட்டாள், தூங்கட்டும் என்றார். நான் அந்த லாரி டிரைவரின் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும்" என்றார். "அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகல. சாயங்காலம் இவளைக் கூட்டிப்போக ஆபீஸ் வாசல்ல நிப்பேன். அந்தம்மாவை ஒவ்வொரு தடவையும் ஜீப்னி ஏத்தி விட்டது நான்தான்."

மேசையிலிருந்த உன் காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு பேனா கேட்டார்.

மாதக்கணக்கில் அலைந்தோம். முடிந்துபோனதைத் திறக்க வழியில்லை என்றார்கள், வழி எங்கே எழுதியிருக்கிறது காட்டுங்கள் என்று கேட்டேன், காட்ட முடியவில்லை. கடைசியில் கமிட்டி எங்களைக் கூப்பிட்டது. மூன்று பேர், நீள மேசை, நடுவில் டிஷ்யூ பெட்டி. அந்தக் கோயில் டாக்டரும் இருந்தார், என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தலைமை தாங்கிய அம்மாள் இரங்கல் சொல்லி முடித்து, டிஷ்யூ பெட்டியைக் குயா பக்கம் நகர்த்தி, "எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? இப்போது அனுமதிக்க எந்தச் சிகிச்சையும் இல்லையே" என்றார்.

நான் பேச வாயைத் திறந்தேன். குயா என்னைத் தடுத்துவிட்டு அவரே பேசினார்.

"எனக்குப் பணம் வேண்டாம். நீங்க வேண்டாம்னு சொன்னது சரின்னா சரின்னு சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. மூடிட்டோம்னு சொல்லாதீங்க."

அப்படிச் சொல்ல எங்கள் நடைமுறையில் இடமில்லை என்றார் அந்த அம்மாள். கோயில் டாக்டர் உன் இரண்டு பத்தியைப் படித்துக்கொண்டிருந்தார், முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார். பதில் பிறகு தெரிவிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். பார்க்கிங்கில் குயா கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார்.

போன சனிக்கிழமை பதில் வந்தது. குயா பகலில் தூங்குவார் என்பதால் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நான் இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு சின்னப் பெண், குரலில் அவ்வளவு உற்சாகம். உன் பெயரைச் சொல்லி, நல்ல செய்தி என்றாள். மறுப்பை ரத்து செய்துவிட்டார்களாம். பெட் ஸ்கேனுக்கு அனுமதி வந்துவிட்டதாம். எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டாள்.

முருங்கைக்காயைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தேன். புரிய நேரமானது. இத்தனை வருஷம் அதே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தும் எனக்கு உறைத்ததில்லை. 'நாங்கள் செய்தது தப்பு' என்று அவர்கள் எழுத அதில் இடமே கிடையாது. மறுக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது, இரண்டுதான். தப்பு என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, செத்துப்போனவளுக்கு ஸ்கேன் தருவது. கமிட்டி சம்மதித்ததும் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு இந்தப் பெண்ணிடம் உன் பெயரைத் தள்ளிவிட்டிருக்கிறது. இவளுக்கு எதுவும் தெரியாது.

எல்லோரையும் திட்டிய வாய் இது. மேனேஜரை, கமிட்டியை, கட்டிய புருஷனை, செத்துப்போன உன்னை. அந்தப் பெண்ணைத் திட்ட வரவில்லை.

"அவ இறந்துட்டா" என்றேன்.

அவள் அவசரமாக எதையோ தட்டுவது கேட்டது. பிறகு, "ஐயாம் ஸோ ஸாரி மேம். இப்பவே கேன்சல் பண்ணிடறேன்" என்றாள்.

"கேன்சல் பண்ணாதீங்க."

"மேம், ஆனா அவங்க..."

"அனுமதின்னு வந்திருக்கில்ல? இருக்கட்டும்."

"யூஸ் பண்ணலைன்னா இந்த மாசக் கடைசில அதுவே எக்ஸ்பயர் ஆயிடும்."

"ஆகட்டும். அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. அப்படின்னு எழுதி வைங்க."

எழுதினாள், தட்டுகிற சத்தம் கேட்டது. குயாவிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். செந்தில் எனக்குக் காபி போட்டுத் தந்தார். எனக்குக் கோபம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. உயிரோடு இருந்தபோது தேவையில்லை என்றவர்கள் செத்த பிறகு எந்த நாள் வசதி என்று கேட்டால் எப்படிக் குறையும்? ஆறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆற வைக்கிற எண்ணம் எனக்கில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிச்சமாகி நிற்பது இந்தக் கோபம்தான், இதை வைத்துத்தான் திங்கட்கிழமை மேசையில் போய் உட்கார்ந்தேன், நாளையும் உட்காருவேன்.

அந்தச் சனிக்கிழமை, போனை வைக்குமுன் அந்தப் பெண் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டாள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேம் என்று. அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், கேட்டாள். வேண்டும் என்றேன். உன் முழுப் பெயரையும், அதற்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதையும் சத்தமாக ஒரு தடவை படிக்கச் சொன்னேன்.

வாகனங்கள் வந்துபோகிற அந்த பார்க்கிங்கில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். உன் பெயரைத் தப்பாக உச்சரித்தாள். நான் திருத்தினேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.